வீட்டு நூலகப் பட்டியல் கைகொடுக்க மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

நானூறு, ஐந்நூறு புத்தகங்களைத் தாண்டிவிட்ட வீட்டில் நினைவாற்றல் மட்டும் போதாது, பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலும் சில மாதங்களில் தகராறு செய்யத் தொடங்கும். தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் தட்டில் இருக்காது. நண்பர்களுக்கு அனுப்பினால் பதில் வராது. வரலாறு, அறிவியல், சட்டம், மருத்துவம், வாழ்க்கை வரலாறு என்று அபுனைவு நூல்கள் மிகுந்த வீடுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நாவலைக் கேட்பவர் தலைப்பையோ ஆசிரியரையோ சொல்லிக் கேட்பார். அபுனைவைத் தேடி வருபவரோ விஷயத்தைச் சொல்லித்தான் கேட்பார்: “ஏரிப் பாசனம் பற்றி ஏதாவது இருக்கிறதா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத பட்டியல் வெறும் சொத்துக் கணக்கு.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் எதையும் திருத்துவதற்கு முன் இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். பட்டியல் கோப்பைப் பிரதி எடுத்து, பெயரில் இன்றைய தேதியைச் சேர்த்து வேறு இடத்தில் வையுங்கள். பிறகு, ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஒவ்வொரு தலைப்புக்கும்’ என்று நான் சொல்லவில்லை. ஒரே புத்தகம் இரண்டு பிரதி இருந்தால் இரண்டு எண். நூலகங்களில் இதைப் பதிவெண் என்பார்கள். 0001 என்று தொடங்கி, புத்தகம் வீட்டுக்கு வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போக வேண்டும். புத்தகம் தொலைந்தாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கீழே வரும் கோளாறுகளில் பல, இந்த எண் இல்லாத வீடுகளில்தான் முளைக்கின்றன.

பட்டியலில் இருக்கிறது, தட்டில் இல்லை

முதலில் இரவல் பதிவைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால், பட்டியலில் ‘இடம்’ என்ற நெடுவரிசை இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஹால்’, ‘மாடி’ என்று எழுதியிருந்தால் அது இடமே அல்ல. அலமாரிக்கு ஓர் எழுத்து, தட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். ‘ஆ3’ என்றால் இரண்டாவது அலமாரியின் மேலிருந்து மூன்றாவது தட்டு. அதற்கு மேல் துல்லியம் தேவையில்லை. தட்டில் எத்தனையாவது புத்தகம் என்று குறிக்கத் தொடங்கினால், ஒன்றை நகர்த்தியதும் முப்பதைத் திருத்த வேண்டிவரும்.

எண்ணைப் புத்தகத்தில் எங்கே எழுதுவது? தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பென்சிலில். கூடவே எல்லாப் புத்தகத்திலும் ஒரே உள்பக்கத்தில், உதாரணமாக 25ஆம் பக்கத்தின் அடியில், இன்னொரு முறை. நம் ஊர் நூலகங்களில் இப்படி ஒரு ‘இரகசியப் பக்கம்’ வைத்து முத்திரையிடும் வழக்கம் உண்டு. முன்பக்கம் கிழிந்துபோனாலும் புத்தகம் யாருடையது என்று தெரியும். முதுகில் ஒட்டும் சீட்டின் மேல் செலோடேப் போடாதீர்கள். நம் வெயிலில் அதன் பசை இளகி, பழுத்து, அட்டையில் நிரந்தரக் கறையாகிவிடும். பழைய புத்தகங்களின் முதுகில் எதையுமே ஒட்ட வேண்டாம். எண் எழுதிய காகிதத் துண்டை உள்ளே வைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டால் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை தட்டு தட்டாகச் சரிபார்ப்பதே இந்தக் கோளாறுக்கு நிலையான மருந்து. ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் பட்டியலில் குறியிட்டால் ஒரு தட்டு சில நிமிடங்களில் முடியும்.

பார்கோடைக் காட்டினால் ஒன்றும் வரவில்லை, அல்லது வேறு புத்தகம் வருகிறது

லைப்ரரிதிங், ஓபன் லைப்ரரி போன்ற தளங்களும் கைப்பேசிச் செயலிகளும் ஐ.எஸ்.பி.என். என்ற, நூலுக்கு நூல் மாறும் அடையாள எண்ணைக் கொண்டு விவரங்களை இழுத்து வருகின்றன. ஆங்கில நூல்களுக்கு இது பெரும்பாலும் பலிக்கும். தமிழ் நூல்களுக்குப் பல நேரம் பலிக்காது. அது உங்கள் செயலியின் குற்றம் அல்ல. பல தமிழ் நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என்.னே கிடையாது, எண் இருந்தாலும் அந்த நூலின் விவரத்தை யாரும் எங்கும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் காட்டியது சரியான பார்கோடுதானா என்று பாருங்கள். நூலுக்குரிய 13 இலக்க எண் 978 அல்லது 979 என்று தொடங்கும். கடை ஒட்டிய விலைச்சீட்டிலும் ஒரு பார்கோடு இருக்கும். அதைக் காட்டிப் பயனில்லை. 978க்கு அடுத்து 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு; 955 அல்லது 624 வந்தால் இலங்கை. 2006ஆம் ஆண்டு முடியும்வரை இந்த எண் 10 இலக்கம்தான். செயலி அதை ஏற்காவிட்டால் முன்னால் 978 சேர்த்து, கடைசி இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்: முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள், அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு தேவையோ அதுவே கடைசி இலக்கம். கையால் எழுதிய எண்ணில் பிழை இருக்கிறதா என்று பார்க்கவும் இதே கணக்கு உதவும்.

எண் சரியாக இருந்தும் வேறு புத்தகம் வந்தால், பதிப்பகம் ஒரே எண்ணை இரண்டு நூல்களுக்கு அச்சிட்டிருக்கலாம், அல்லது தளத்தில் யாரோ தவறாக ஏற்றியிருக்கலாம். அங்கே போராட வேண்டாம். தமிழ்ப் புத்தகங்களில் ‘நூற்குறிப்பு’ என்று ஒரு பக்கம் உண்டு: நூற்பெயர், ஆசிரியர், பொருள், பதிப்பு, தாள், நூலின் அளவு, எழுத்தின் புள்ளி அளவு, பக்கம், விலை, அச்சகம் எல்லாம் வரிசையாக நிற்கும். எந்தத் தளமும் தராத விவரங்கள் அங்கே இருக்கின்றன. அதைப் பார்த்துக் கையால் உள்ளிடுங்கள். நேரமில்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, படத்துக்குப் பதிவெண்ணையே பெயராக வைத்துச் சேமியுங்கள். பிறகு உட்கார்ந்து உள்ளிடலாம்.

ஐ.எஸ்.பி.என். நெடுவரிசை முழுக்க ‘9.78ஈ+12’

எக்ஸல் அந்த எண்ணைக் கணக்குப் போடும் எண்ணாக எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த நிலையில் சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாக) சேமித்தால் கண்ணுக்குத் தெரியும் இந்தச் சுருக்கமே பதிவாகி, உண்மையான இலக்கங்கள் போய்விடும். எனவே சேமிக்காதீர்கள். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, தசமம் இல்லாத எண் வடிவுக்கு மாற்றினால் 13 இலக்கமும் திரும்பத் தெரியும். சுழியத்தில் தொடங்கும் 10 இலக்க எண்களுக்கு இது பயன்படாது. முன்னால் இருந்த சுழியத்தை எக்ஸல் விழுங்கியிருக்கும், அதைக் கையால்தான் சேர்க்க வேண்டும். இனி உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிடுங்கள். பதிவெண் நெடுவரிசைக்கும் இதே கவனம் வேண்டும், இல்லையென்றால் 0001 வெறும் 1 ஆகிவிடும்.

தமிழ் எழுத்துகள் சிதறித் தெரிகின்றன

என்ன வடிவில் சிதறியிருக்கிறது என்பதை உற்றுப் பாருங்கள். வடிவமே காரணத்தைச் சொல்லும்.

தலையில் சாய்கோடு தாங்கிய ஆங்கில ‘ஏ’யும், அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. யுனிகோட் கோப்பை எக்ஸல் வேறு குறியேற்றமாகப் படிக்கிறது, அவ்வளவுதான். இருமுறை சொடுக்கித் திறக்காமல், வெற்றுப் பணித்தாளில் ‘டேட்டா’ பட்டிக்குப் போய், சி.எஸ்.வி. கோப்பை இறக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 யூ.டி.எஃப்.-8 என்பதைக் குறியுங்கள். தமிழ் வந்துவிடும். அடுத்த முறை சேமிக்கும்போது ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்.-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை திரும்பாது.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் இட்டு யுனிகோடுக்கு மாற்றலாம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டுமே இருந்தால் அந்தக் கோப்பில் தமிழ் இல்லை, சேமிக்கும்போதே அழிந்துவிட்டது. பழைய பிரதிக்குத் திரும்புங்கள். தேதி போட்ட பிரதி வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

கண்ணெதிரே இருக்கும் தலைப்பைத் தேடினால் ‘இல்லை’ என்கிறது

தமிழ்ப் பட்டியல்களில் அதிகம் பேர் தவிக்கும் இடம் இது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கின்றன.

பௌத்தம் பற்றிய நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான முறையில் ‘பௌ’ என்பது ப-வும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. பலர் ‘பெ’ என்று அடித்து, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே போட்டுவிடுகிறார்கள். திரையில் வேற்றுமை தெரியாது. ஆனால் பாதிப் புத்தகங்கள் ஒரு தேடலிலும் மீதி இன்னொரு தேடலிலும் வரும். சோதிப்பது எளிது: எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். ‘ப’ மிஞ்சினால் சரியானது. ‘பெ’ மிஞ்சினால் ள-வைப் போட்டு எழுதியது. கௌதமர், மௌனம், சௌராஷ்டிரர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

திருத்தும்போது ஓர் எச்சரிக்கை. ‘எகரக் குறியும் ள-வும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாறட்டும்’ என்று மொத்தமாக ஆணையிட்டுவிடாதீர்கள். வெள்ளம், தெளிவு முதல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வரை எல்லாத் தலைப்புகளும் சிதைந்துபோகும். சொல் சொல்லாக மாற்றுங்கள்: முதலில் பௌத்த, அடுத்து கௌதம, அடுத்து மௌன.

இதே குடும்பத்தில் இன்னும் சில கோளாறுகள் உண்டு. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் உள்ளிடலாம். சில செயலிகள் இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. இதற்கும் பேக்ஸ்பேஸ் சோதனையே. ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கு யுனிகோடில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ஸகரத்தில் தொடங்கும், மற்றது கிரந்த ஶகரத்தில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒன்றேதான்.

குறியேற்றம் எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லையென்றால் காரணம் நம் எழுத்து வழக்கம். ‘தமிழ்நாட்டு வரலாறு’, ‘தமிழ் நாட்டு வரலாறு’. ‘தமிழகக் கல்வெட்டுகள்’, ‘தமிழக கல்வெட்டுக்கள்’. அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே தலைப்பை எழுதுவதுதான் முறை, அதை மாற்றாதீர்கள். பக்கத்தில் ‘தேடுசொல்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, வேறு எப்படியெல்லாம் தேடுவார்களோ அவற்றை அங்கே எழுதிவிடுங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்ற வழக்குக்குள் போகாமலே புத்தகம் கைக்கு வந்துவிடும். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட நூல் என்றால் மூலத் தலைப்பையும் அங்கே சேருங்கள். மூல நூலும் வீட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும்.

அகரவரிசை தப்பி வருகிறது

‘கனிமங்கள்’ என்ற தலைப்பு ‘கப்பல்’ என்பதற்கு முன்னால் வருகிறதா? யுனிகோடில் ன-வுக்கு ந-வின் அடுத்த இடமும், ற-வுக்கு ர-வின் அடுத்த இடமும் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரிசையை அப்படியே பின்பற்றும் செயலியில் நம் அகரவரிசை குலையும். லிப்ரெஆபிஸ் கால்க் என்ற விரிதாள் செயலியில் வரிசைப்படுத்தும் பெட்டியின் விருப்பங்களில் மொழியைக் குறிக்கும் இடம் இருக்கிறது. அங்கே தமிழைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் செயலியில் அப்படி ஒன்று இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தேடல் சரியாக இருக்கும்வரை இது பெரிய குறையல்ல.

ஒரே ஆசிரியர் நான்கு பேராகத் தெரிகிறார்

உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், டாக்டர் உ.வே.சா., சுவாமிநாதையர். அம்பேத்கர், அம்பேத்கார், பி.ஆர். அம்பேத்கர், பாபாசாகேப். அட்டைகள் இப்படித்தான் இருக்கும். பட்டியலில் ஒரு வடிவத்தை மட்டும் நிலைநிறுத்தி, மற்றவற்றைத் தேடுசொல்லில் சேர்க்க வேண்டும். பட்டங்களும் அடைமொழிகளும் ஆசிரியர் நெடுவரிசைக்கு வேண்டாம். நம் பெயர்களில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரோ ஊரோதான், குடும்பப் பெயர் அல்ல; ஆகவே பெயரை முதலில் எழுதி, முன்னெழுத்தைப் பின்னால் தள்ளுங்கள்: ‘சாமிநாதையர், உ.வே.’ என்று. நிலைநிறுத்திய பெயர்களைத் தனித் தாளில் வைத்துக்கொண்டு, உள்ளிடும்போது அதிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிட்டால், வீட்டில் வேறு யார் உள்ளிட்டாலும் பெயர் பிசகாது.

பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர் ஆகியோருக்குத் தனி நெடுவரிசை வேண்டும். அபுனைவில் பல நேரம் புத்தகத்தைத் தேடுவதே அவர்கள் பெயரால்தான்.

பதிப்பு ஆண்டு 2031 என்று காட்டுகிறது. சிலவற்றில் ஆண்டே இல்லை

2031 என்பது திருவள்ளுவர் ஆண்டு. 31ஐக் கழித்தால் 2000. பழைய நூல்களில் சாலிவாகன சகம் இருந்தால் 78ஐக் கூட்டுங்கள். ‘விக்கிரம வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் போட்டிருந்தால் கொஞ்சம் துப்பறிய வேண்டும். பிரபவ தொடங்கி அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுழற்சி 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. விக்கிரம பதினான்காவது ஆண்டு. ஆகவே அது 1880, 1940, 2000 ஆகிய மூன்றில் ஒன்று.

மூன்றில் எது? புத்தகத்தின் உடம்பே சொல்லும். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அந்த மாதம்தான் இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. ‘ந.பை.’ என்று இருந்தால் அது நயா பைசா. 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலம். பதிப்பகத்தின் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது; ‘சென்னை-5’ என்பதுபோல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. எழுத்தையும் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கைபோல் மேலே சுழித்த பழைய வடிவில் இருந்தால் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா அச்சகங்களும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆதலால் இதை மட்டும் வைத்து முடிவுகட்டாமல் விலையோடும் முகவரியோடும் சேர்த்துப் பாருங்கள்.

கண்டுபிடித்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் எழுதுங்கள்: [1940]. நூலில் அச்சாகாத, நாம் கணித்த விவரம் என்பதற்கு நூலகர்கள் பயன்படுத்தும் குறி அது. கூடவே முதற்பதிப்பு ஆண்டையும் உங்கள் கையில் உள்ள பதிப்பின் ஆண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். மக்கள்தொகைக் கணக்குகளோடு 1965இல் வந்த பொருளாதார நூலின் 2015ஆம் ஆண்டு மறுஅச்சை, 2015ஆம் ஆண்டின் நூல் என்று நம்பி ஒருவர் மேற்கோள் காட்டிவிடக் கூடாது. அபுனைவில் ஆண்டு என்பது அலங்காரம் அல்ல.

பாதிப் புத்தகங்கள் ‘கட்டுரைகள்’ பிரிவில் குவிந்துவிட்டன

தமிழ் நூல்களின் பின்னட்டையில் ‘கட்டுரைகள்’ என்று அச்சிடுவது பதிப்பகங்களின் வசதி. கோயில் சிற்பம், வங்கிச் சீர்திருத்தம், சிறுநீரக நோய், மேடை நாடகம் எல்லாம் அதற்குள் அடங்கும். உங்கள் பட்டியலில் அந்தச் சொல்லை ஒரு பிரிவாக வைக்காதீர்கள், ஏனென்றால் யாரும் ‘கட்டுரை இருக்கிறதா’ என்று கேட்டு வருவதில்லை.

மாற்று என்ன? மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பை நம் பொதுநூலகங்களில் பார்த்திருப்பீர்கள்: 300 சமூக அறிவியல், 500 அறிவியல், 600 தொழில்நுட்பமும் மருத்துவமும், 900 வரலாறும் புவியியலும். ஆங்கில நூல்கள் மிகுந்த வீட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். தமிழ் நூல்கள் மிகுந்த வீட்டில் நெருக்கடி வரும். தமிழ் மொழி முழுவதும் 494.811இலும், தமிழ் இலக்கியமும் அதன் திறனாய்வும் 894.811இலும் போய்க் குவியும். சங்க இலக்கிய ஆய்வு மட்டும் இரண்டு அலமாரி வைத்திருப்பவருக்கு இந்த எண் உதவாது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இங்கே வழிகாட்டுகிறது. அதன் குறியீடுகள் வீட்டுக்கு மிகை. அடிப்படை எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் அதன் முகங்களைத் தனித்தனியே குறிக்க வேண்டும் என்றார் அவர். இடமும் காலமும் அந்த முகங்களில் இரண்டு. எனவே பட்டியலில் மூன்று நெடுவரிசைகள் வையுங்கள்: துறை, இடம், காலம். சோழர் காலத் தஞ்சைப் பகுதியின் பாசனம் பற்றிய நூலுக்கு: துறை: நீர்ப்பாசனம்; இடம்: தஞ்சாவூர்; காலம்: சோழர். இனி நீர்ப்பாசனம் என்று கேட்பவருக்கும், தஞ்சாவூர் என்று கேட்பவருக்கும், சோழர் என்று கேட்பவருக்கும் அதே புத்தகம் வரும். வீட்டு நூலகத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

தட்டில் மட்டும் ஒரே இடம்தான் இருக்க முடியும். அதைத் துறையே தீர்மானிக்கட்டும். இரண்டு துறைக்கு நடுவே தடுமாறினால், அந்தப் புத்தகத்தை யார் கேட்டு வருவார், வந்தால் எந்தத் தட்டை முதலில் பார்ப்பார் என்று யோசித்து வையுங்கள். துறைப் பெயர்களை நீங்களே எழுதிய ஒரு சிறு பட்டியலுக்குள் நிறுத்துங்கள். அரைத் தட்டுகூட நிரம்பாத துறைக்குத் தனிப் பெயர் வேண்டியதில்லை. ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் இடம் காலியாக விடுங்கள். நூலகம் வளரும் உயிர் என்று ரங்கநாதன் 1931இல் தம் ஐந்தாம் விதியாக எழுதியது வீட்டு அலமாரிக்கும் பொருந்தும்.

தொகுப்பு நூல்களுக்கு இதுவும் போதாது. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதி ஒன்றில் இருபது பேர் இருபது பொருளில் எழுதியிருப்பார்கள். பொருளடக்கப் பக்கத்தைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் அது எழுத்தாக மாறும். பிழைகளைத் திருத்தி, பட்டியலில் ‘உள்ளடக்கம்’ என்ற நெடுவரிசையில் ஒட்டுங்கள். வேலை அதிகம்தான். ஆனால் தலைப்பு மறந்து விஷயம் மட்டும் நினைவில் நிற்கும்போது கைகொடுப்பது இந்த நெடுவரிசை ஒன்றே.

பட்டியலை அனுப்பினேன், யாரும் எதையும் கேட்கவில்லை

ஆயிரம் வரி கொண்ட கோப்பைக் கைப்பேசியில் யாரும் திறந்து படிக்க மாட்டார்கள். ஒரு தட்டின் முதுகுகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, ‘மருத்துவ வரலாறு, தட்டு இ2’ என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அன்றே கேட்பார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. ‘அருமையான நூல்’ என்பது குறிப்பு ஆகாது. ‘நிலப் பத்திரங்களில் வரும் பழைய சொற்களுக்கு விளக்கம் இருக்கிறது’ என்பது குறிப்பு.

முழுப் பட்டியலையும் இணைப்பாகப் பகிர்வதாக இருந்தால், பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். அதைத் தனிக் கோப்பாகவே வையுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஒரு நெடுவரிசையை மறைத்துவிட்டுப் பகிர்ந்தால், பார்ப்பவர் பிரதி எடுத்து மறைத்ததைத் திறந்துவிட முடியும். வாங்கிய விலை, வீட்டு முகவரி, யார் எதை இரவல் வாங்கினார் என்ற விவரம் எதுவும் வெளியே போகும் கோப்பில் இருக்கவே கூடாது. நோய் பற்றியோ விவாகரத்துச் சட்டம் பற்றியோ ஒருவர் படிப்பது அவருடைய சொந்த விஷயம்.

இரவல் போனது திரும்பி வரவில்லை

கொடுத்த அன்று பதியாததுதான் பெரும்பாலும் காரணம். புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே, வாங்குபவரைத் தம் கைப்பேசியிலிருந்து உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: ‘0417 எடுத்துக்கொண்டேன், பொங்கலுக்குள் தருகிறேன்’. தேதியும் பெயரும் தானாகப் பதிந்துவிடும். எண்ணைக் கொண்டு எப்போது வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். திரும்பும் நாளை அவரே சொல்லட்டும். தாம் சொன்ன நாளை மனிதர்கள் மதிக்கிறார்கள்.

நாள் கடந்தால் தயங்காமல் கேளுங்கள். “அண்ணா, 0417ஐ இன்னொருவர் கேட்டிருக்கிறார். முடித்துவிட்டீர்களா? இன்னும் படிக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், அவரிடம் அடுத்த மாதம் என்று சொல்லிவிடுகிறேன்.” இதில் குற்றச்சாட்டு இல்லை, ஆனால் புத்தகத்துக்கு இன்னொரு வாசகர் காத்திருக்கிறார் என்பது தெரிகிறது.

அச்சில் இல்லாத நூல், விளிம்பில் உங்கள் குறிப்புகள் நிறைந்த நூல், அகராதி, தொகுதியில் ஒரு பாகம் ஆகியவற்றுக்கு ‘வீட்டிலேயே படிக்க’ என்று பட்டியலில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். வந்து கேட்பவர் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தால் மனத்தாங்கல் வரும். குறி இருந்தால் எல்லாருக்கும் ஒரே விதி. அவர்களுக்கு ஒரு நாற்காலியும் நல்ல வெளிச்சமும் கொடுங்கள்.

‘முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்’ என்கிறார்கள்

உங்கள் பிரதியை இரவல் கொடுப்பது வேறு, நகல் பெருக்குவது வேறு. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரையிலும், இலங்கையில் 70 ஆண்டு வரையிலும் பதிப்புரிமை நீடிக்கிறது. அந்தக் காலம் கடந்த நூல்களுக்கும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் பின்னாளில் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரைக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு. ஸ்கேன் செய்வதற்கு முன், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் தளத்திலும் தேடிவிடுங்கள். அங்கே இருந்தால் அந்த இணைப்பையே உங்கள் பட்டியலில் சேர்த்துவிடலாம். பழைய புத்தகத்தின் முதுகை விரித்து ஒடிக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிறகு இதை என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எடைக்குப் போன நூலகங்கள் ஏராளம். மாறாக நடந்ததும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை, அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இன்றும் இயங்குகின்றன. மறைமலையடிகளின் சொந்த நூல்கள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்துக்கு அடித்தளம் ஆயின.

எந்த நிறுவனமும் முதலில் கேட்பது பட்டியலைத்தான். மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க அவர்களிடம் ஆளும் நேரமும் இருப்பதில்லை. ஆகவே உங்கள் பட்டியலில் ‘யாருக்கு’ என்று கடைசி நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். எல்லா நூலுக்கும் நிரப்ப வேண்டாம். துறை துறையாக எழுதினால் போதும்: சட்ட நூல்கள் இன்ன கல்லூரிக்கு, உள்ளூர் வரலாறு ஊர்ப் பொதுநூலகத்துக்கு, மருத்துவம் தங்கை மகளுக்கு. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். பெறுபவருக்கு இடம் இருக்கிறதா, பழுதான பிரதிகளை ஏற்பார்களா, வண்டிச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடலாம். பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை தாளில் அச்சிட்டு, கோப்பு இருக்கும் இடத்தையும் அதன் கடவுச்சொல்லையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, அச்சிட்ட தாளை முதல் அலமாரியின் முதல் தட்டில் வையுங்கள்.